பக்கக் கண்ணாடிக்காரன்

உப்புநீர்த் தொட்டியில் ஒரு கோமாளி மீன் இருந்தது. காலையிலிருந்து அது பக்கக் கண்ணாடியையே போய்ப் போய் முட்டிக்கொண்டிருந்தது.

"யாரோட சண்டை?" என்று கேட்டது, சங்குக்குள் குடியிருந்த நண்டு.

"அங்க ஒருத்தன் நிக்கிறான் பாரு. நான் முறைச்சா அவனும் முறைக்கிறான். என் மூஞ்சியை அப்படியே காப்பியடிச்சு வெச்சிருக்கான், திருட்டுப்பய!"

அது வெறும் பிம்பம் என்று நண்டுக்குத் தெரியும். சொன்னால் அடுத்த முட்டு தனக்குத்தான் என்பதும் தெரியும்.

முட்டி முட்டி மீனின் உதடு புண்ணானதை, அதை வளர்க்கும் செல்வின் பார்த்தார். "ரொம்ப டென்ஷன்ல இருக்கு, பாவம்" என்று சொல்லி, பிம்பம் தெரியாதபடி அந்தக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்.

"ஓடிட்டான் பாத்தியா!" என்று மீன் தொட்டியை மூன்று சுற்று சுற்றி வந்தது.

மறுநாள் செல்வின் போட்ட இறால் துணுக்குகளை அது தொடவேயில்லை. பாறையடியில் ஒதுங்கிக் கிடந்தது.

"அதான் ஜெயிச்சுட்டியே, இன்னும் என்ன?" என்றது நண்டு.

"ஜெயிச்சேன்தான்" என்றது மீன். "ஆனா நேத்தே அவனுக்கு உதடெல்லாம் புண்ணா இருந்துச்சு. எங்க போய்க் கிடக்கிறானோ, சாப்பிட்டானோ என்னமோ."