மோரிஸ் மைனருக்கு ஏர்கோன்

"தம்பி, காருக்குள்ள திரும்பவும் அவியுது. உடனே வாரும்!"

துரைசிங்கம் சார் போனை வைத்ததும் புவனேசன் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய், நாலாவது வாரமாக இதே புகார். குருண் டவுனில் ஒர்க்‌ஷாப் போட்டு ஒன்பது வருடத்தில் அவன் செய்த வேறெந்த ஏர்கோன் வேலையும் கோளாறென்று திரும்பி வந்ததில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான சாரின் அறுபது வயது மோரிஸ் மைனர் கார் அது. சாதாரண ஏர்கோனை இழுக்க அந்தக் குட்டி இன்ஜினுக்குத் தெம்பு போதாது என்று, பேட்டரியில் ஓடும் மின்சார ஏர்கோனைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தியிருந்தான். அந்த அக்கறைக்குக் காரணம் கார் மட்டுமல்ல, சாரின் மகள் தர்மினியும்தான்.

பெண் கேட்டுவிடலாம் என்று தினமும் நினைப்பான். ஆனால் அவர்கள் மூன்று தலைமுறையாக அரசாங்கச் சம்பளம் வாங்கும் சிலோன் தமிழ்க் குடும்பம். இவனோ ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். போட்ட ஏர்கோனே ஒழுங்காக ஓடவில்லை என்றால் எந்த முகத்தோடு பெண் கேட்பது?

கோலா கெத்தில் ஊரிலிருந்த சார் வீட்டு வாசலில் துரைசிங்கம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்ன வேலை செய்தனீர்? நேற்று யான் டவுன் வரைக்கும் போய் வந்தனாங்கள், நல்லாத்தான் குளிர்ந்தது. விடியப் பார்த்தால் சூடு!"

"கோவிச்சுக்காதீங்க சார், காடிய இப்பவே பாத்துர்றேன்," என்று புவனேசன் காரை நோக்கி நடந்தான்.

"தர்மினி! டார்ச்சைக் கொண்டு வந்து தம்பிக்குப் பிடி. நான் பூமரத்துக்குத் தண்ணி விடப்போறன்."

பட்டப்பகல் பத்து மணிக்கு டார்ச் எதற்கு என்று புவனேசன் கேட்கவில்லை. கேட்பானா, பின்னே?

பானட்டைத் திறந்து பார்த்தால் கோளாறு ஒன்றும் இல்லை. போன மூன்று வாரம் போலவே, ஏர்கோன் பியூஸ் மட்டும் கழன்று கிடந்தது. தானாகக் கழலுகிற சாமானில்லை அது. யாரோ கையால்தான் இழுத்திருக்கிறார்கள்.

அவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தலைகால் புரியாத சந்தோஷம்.

"தர்மினி, உண்மையச் சொல்லுங்க. இத நீங்கதானே கழட்டி விடறீங்க?"

"நானா? ஐயோ, எனக்கு இந்த மூடியத் திறக்கவே தெரியாது லா! நீங்கதான் வேணும்னே லூஸா மாட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் அப்படிச் செய்யணும்?"

"திரும்பி வரத்தான்," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்படி நெனச்சும் உங்களுக்குக் கோபம் வரலியா?"

"வந்திருந்தா நாலு வாரமா டார்ச் பிடிப்பேனா?"

இதற்குமேல் ஒரு பெண் என்னதான் சொல்வாள்? அவனும் வாயைத் திறந்தான். ஆனால் சிலோன் குடும்பம், தலைமையாசிரியர், லயத்து வீடு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அது வந்து... புதுசா, நல்ல டைட்டான பியூஸ் போட்டுர்றேன். இனிமே இந்தப் பிரச்சினையே வராது," என்று உளறிவைத்தான். தர்மினியின் முகம் வாடிப்போனது.

முதுகுக்குப் பின்னால் துரைசிங்கத்தின் குரல் கேட்டது.

"போட்டாலும் நான் கழட்டுவன், தம்பி. நீர் வாயைத் திறந்து பொம்பிளை கேக்கிற வரைக்கும்!"