நாலு தேசிக்காய்

பூமியின் எந்த மூலையிலிருந்தும் ஐந்தே நிமிடத்தில் புறப்படக்கூடிய ஒரே தமிழன் நான்தான். மற்றவர்களுக்கு வாசலில் நின்று கதைக்கவே ஒரு மணித்தியாலம் வேண்டும்.

ஏரிக்கரை விடுமுறை முகாமில் மூன்று வாரம் சுகமாகப் படுத்தெழும்பினேன். ஞாயிறு காலை, மறுநாள் பரீட்சைக்காக கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் என் வீட்டு வானை மெல்பேர்ன் பக்கம் திருப்பினேன். பரீட்சை போனால் விசாவும் போகும்.

பக்கத்து வானிலிருந்த சிவனேஸ்வரி அன்ரி நாலு தேசிக்காயோடு, அதுதான் எலுமிச்சங்காயோடு, ஓடி வந்தார். "சில்லுக்குக் கீழ வைச்சு நசிச்சுப்போட்டுப் போம், தம்பி."

"இது எழுபத்தாறாம் ஆண்டு அன்ரி. வான் ஓடப் பெற்றோல் மட்டும் காணும்."

நேர்ச் சாலையில் ஒரு மணித்தியாலம் வானை ஓட்டினேன். எங்கும் திரும்பவில்லை. முன்னால் அதே ஏரி வந்தது.

"வந்திட்டீரோ? தேத்தண்ணி போடட்டே?" என்றார் அன்ரி.

பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று தரம் போனேன். மூன்று தரமும் தேத்தண்ணி குடித்தேன்.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள், அன்ரி?"

"எழுபதில. ரெண்டு கிழமை நிண்டிட்டுப் போவமெண்டு. தேசிக்காய் வேணுமெண்டால் கூச்சப்படாமல் ஆயும். நான் நட்ட மரந்தான்."

அவருடைய வானின் சில்லுகள் அச்சுவரை மறைந்திருந்தன. மறைத்தவை அத்தனையும் நசிந்து காய்ந்த தேசிக்காய்கள்.

அன்ரி உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு நாலு காய் ஆய்ந்து, சில்லுக்கு ஒன்றாக வைத்தேன்.