ராஜகுமாரியின் பதில்கள்

"அவ பேசக் கூடாதுங்கறீங்க. இப்பத்தான் படியேறும்போது அவ குரலைக் கேட்டேனுங்களே மாப்ள?"

சுடலைமுத்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார். மஞ்சூரில் முதல் பஸ் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் குன்னூர் வந்திருந்தார்.

தங்கையின் கணவன் வினோத் தடுமாறினான். "தொண்டை சரியில்லைங்க மச்சான். டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு. உள்ள வாங்க."

"அப்பப் பேசினது யாரு?"

"அது... லேப்டாப்ல ஓடுச்சுங்க."

உள்ளே ராஜகுமாரி கழுத்தில் மப்ளர் சுற்றி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைக் கண்டதும் எழுந்து சிரித்தாள். உடனே வினோத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை சுடலைமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. எதற்காக அவனிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மூன்று மாதமாகவே அவருக்கு மனசு சரியில்லை. அவருக்கு இதய ஆபரேஷன் ஆகி, மலைப் பாதையில் பஸ் ஏறக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் தங்கையிடமிருந்து போன் வரும். "நல்லா இருக்கேண்ணா. நீ மாத்திரை போட்டியா? வேலை கெடக்கு, அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான். போன வாரம் மழையைப் பற்றிக் கேட்டார். அதற்கும், "நீ மாத்திரை போட்டியா?" ஒரு எழுத்து மாறவில்லை, ஒரு மூச்சு மாறவில்லை. பக்கத்தில் ஆள் நின்று சொல்ல வைப்பது போல.

"லேப்டாப்ல என்ன ஓடுதுன்னு காட்டுங்க."

வினோத் தயங்கினான். "கேம் செய்யற எஞ்சினுங்க."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். எங்கிட்ட எஞ்சின் கதை சொல்லாதீங்க."

"இது வேறீங்க. திரையில படம் வரும், கீழே பேச்சு வரும், அதுக்கும் கீழே ரெண்டு மூணு பதில் இருக்கும். எதை அமுக்கறோமோ கதை அந்தப் பக்கம் போகும். படத்தையும் பேச்சையும் நாம போட்டாப் போதும், மிச்சத்தை எஞ்சின் பாத்துக்கும். பென்டிரைவ்ல கொண்டு போய் எந்தப் பழைய கம்ப்யூட்டர்ல சொருகினாலும் ஓடும், நெட் வேண்டாம். நாங்க நடத்தற கம்ப்யூட்டர் சென்டருக்கு வர்ற பசங்க கதை செய்யட்டும்னு ஆரம்பிச்சது."

சுடலைமுத்து குனிந்தார். திரையில் இருந்தது இதே அறை, இதே ஜன்னல், இதே நீலத் திரைச்சீலை. கீழே மூன்று வரிகள்.

பசிக்குது.
கொஞ்ச நேரம் தனியா விடுங்க.
அண்ணன் வந்தால்.

அவர் மூன்றாவது வரியைத் திரும்பப் படித்தார். தான் வருவது தன் மனைவிக்கே தெரியாது. இங்கே அதற்குப் பதில் தயாராக இருக்கிறது.

ராஜகுமாரி மூன்றாவதை அமுக்கினாள். "வாண்ணா, இப்படி எளைச்சுட்டியே," என்றது அவள் குரல், லேப்டாப்பிலிருந்து. அவள் வாய் மூடியே இருந்தது.

சுடலைமுத்து மெல்லத் திரும்பினார். "போன்லயும் இதைத்தான் ஓட்டினீங்களா மாப்ள?"

வினோத் தரையைப் பார்த்தான். "ஆமாங்க."

"என் தங்கச்சி குரலைப் புடிச்சு வெச்சுக்கிட்டு, அவளை வாயத் தொறக்க விடாம வெச்சிருக்கீங்க. நீங்க எழுதிப் போட்டதை அமுக்கறதுக்கு அவ என்ன பொம்மையா? அவளுக்குன்னு ஒரு பேச்சு இல்லையா?"

வினோத்தின் கண் கலங்கியது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. தங்கையின் கையைப் பிடித்தார். "பொட்டியைக் கட்டு கண்ணு. நம்ம ஊட்டுக்குப் போலாம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, பட்டியலில் வெகு தூரம் கீழே போனாள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி போட்ட ஒரு வரியின் மேல் விரல் நின்றது. வினோத் தலையசைத்தான். அமுக்கினாள்.

"அண்ணா, அவரைத் திட்டாதே. உன் நெஞ்சுப் புண் ஆறற வரைக்கும் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்; இந்த எஞ்சினை அவசர அவசரமா செஞ்சு முடிச்சதும் நான்தான். கேன்சர்னு நாளைக்குக் காலைல என் குரல்வளையையே எடுக்கறாங்கண்ணா, அதான் இனிமே உங்கிட்டப் பேச வேண்டியதையெல்லாம் இன்னைக்கே பேசி வெக்கிறேன்."