ஒன்றரை மணி நேரம்

"தாய்லாந்து மசாஜ் எனக்கு இதுதான் முதல் தடவை. டிரஸ்ஸைக் கழட்டணுமா?" கேட்டாள் உள்ளே வந்த பெண்.

"வேண்டாம்மா. எண்ணெயும் கிடையாது. இந்தப் பாயில படுத்தா, முழங்கையால அழுத்தி, கை காலை இழுத்து விடுவேன்," என்றாள் மசாஜ்கார அக்கா.

"வெளியே உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் நடுவுல உள்ளே வருவாரா?"

"ஒன்றரை மணி நேரத்துக்கு யாரையும் விடமாட்டோம்."

"சத்தியமா?"

புதிதாக வருகிறவர்களின் கூச்சம் என்று நினைத்து அக்கா கதவைத் தாழிட்டாள். அந்தப் பெண் படுக்கவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். ஐந்து விரலும் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன.

"அக்கா, பின்பக்கம் வழி இருக்கா?"

அக்கா ஓசைப்படாமல் பின்கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, வெறும் பாயருகே உட்கார்ந்து, வெளியே கேட்கும்படி சொன்னாள்:

"அப்படித்தான்மா... மூச்சை நல்லா இழுத்து விடுங்க."