மிஞ்சிய சிவப்பு

ஏழு நாட்களில் ஏழு ரொட்டிகள் காணாமல் போயிருந்தன. எல்லாம் மகளின் பொம்மை வீட்டுக்காக அம்மா கைவினைக் களிமண்ணில் செய்தவை. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவுதான். பழைய டூத் பிரஷால் குத்திச் சொரசொரப்பாக்கி, பழுப்புச் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, சிவப்புப் பெயின்டைப் பசையில் குழைத்து ஜாமாகப் பூசியிருந்தாள்.

சந்தேகமெல்லாம் ஆறு வயது மகள் மேல்தான். வயிற்றில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

"நீ சமைச்சதுல இது ஒண்ணுதான் மிச்சமில்லாம காலியாகுது" என்று அப்பா சிரித்தார்.

எட்டாம் நாள் காலை, பொம்மை வீட்டுத் தட்டில் ஒரு ரொட்டி பாதி கடிபட்டுக் கிடந்தது. அம்மா மகளைப் பிடித்து உலுக்கினாள்.

"உண்மையைச் சொல்லுடி, நீதானே கடிச்சே?"

மகள் அழுதுகொண்டே வாயைத் திறந்து காட்டினாள். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் விழுந்து பத்து நாளாகியிருந்தது. அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ரொட்டியைப் பார்த்தார். கடுகைவிடச் சின்னப் பல்தடங்கள், இடைவெளியே இல்லாமல் வரிசையாக இருந்தன.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பொம்மை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. அவர் வாங்கி வந்ததுதான்.

"இதுக்கு முதல்ல வாயே கிடையாதே? கண்ணும் மூக்கும் மட்டும்தானே இருந்துச்சு?"

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஜாமுக்குக் கலக்கின சிவப்பு கொஞ்சம் மிஞ்சிடுச்சுங்க. வீணாக்குவானேன்னு நான்தான் வாய் வரைஞ்சு விட்டேன். எட்டு நாளாச்சு."