தாழ்வு மண்டலத்தில் ஒரு முகூர்த்தம்

வங்கக்கடலில் காற்றழுத்தம் இறங்கினால் போதும், சமையல் எரிவாயுவைச் சேமிக்கவென்று அடுக்ககத்தின் அடியில் நிரப்பியிருந்த நிலக்கரி, பிடித்துவைத்த மீத்தேன் வாயுவை மெல்லக் கசியவிட்டுவிடும். அன்றைக்கு வளாகத்தில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது. வளாக மண்டபத்தில் பத்ரிநாதன் மகளுக்கு வைத்த முகூர்த்த நாளாகப் பார்த்துப் புயல் கரையேறியது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "பாரம்பரியமும் விஞ்ஞானமும் கைகுலுக்கும் பொன்னாள்!" என்று கால்மணி நேரம் முழங்கிவிட்டு, ஹோமகுண்டத்தில் சிவப்பு பல்பை எரியவிட்டார்.

சம்பந்தியம்மாள் எழுந்தாள். "பல்பைச் சுத்தவா பிள்ளையைப் பெத்தேன்? அக்னி சாட்சி இல்லாம இதென்ன கல்யாணம்? கிளம்புடா!"

மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டான். செயலாளரோ மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாஸ்திரிகள் மட்டும் அசரவில்லை. "உட்காருங்கோ மாமி. அக்னி எங்கேயும் போயிடலை. நம்ம காலுக்கு நேர் கீழே, கூப்பிட்டா வரத் தயாரா இருக்கார். தாலி ஏறி, சாப்பாடும் முடியறவரைக்கும் வந்துடாம இருக்கணும்னு வேண்டிக்கோங்கோ."

சம்பந்தியம்மாள் தரையைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் உட்கார்ந்து, கால்களைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டாள். மண்டபமே கைகூப்பியது. பத்ரிநாதன் இத்தனை பக்தியை எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை.

கெட்டிமேளத்தைக்கூட அன்று மெதுவாகத்தான் வாசித்தார்கள்.