விடாத கை

புதிய சபாநாயகரை முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கூட்டிப்போய் இருக்கையில் அமர்த்துவது மரபு. மாசிலாமணியையும் அப்படித்தான் அமர்த்தினார்கள். ஆனால் இருவரும் கையை விடவில்லை. அவையில் இரு தரப்பும் சரிசமம். ஆட்சி நிற்பதும் கவிழ்வதும் இனி அவர் ஓட்டில்தான்.

"விடுங்கய்யா, மணியடிக்கணும்" என்றார் மாசிலாமணி, மெதுவாக.

"அவர முதல்ல விடச் சொல்லுங்க" என்றார் முதல்வர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

"அவர் விட்டா நானும் விடுறேண்ணே" என்றார் எதிர்க்கட்சித் தலைவர்.

கைதட்டல் ஓய்ந்தது. உள்ளங்கைகள் வியர்த்து வழுக்கியும் பிடி நழுவவில்லை. வேறு வழியின்றி மாசிலாமணி நம்பிக்கைத் தீர்மானத்தை அப்படியே வாக்கெடுப்புக்கு விட்டார்.

"ஆதரிப்போர் கை உயர்த்துக."

முதல்வர் கையை உயர்த்தினார். சபாநாயகரின் வலக்கையும் கூடவே மேலே போனது.

அடுத்து "எதிர்ப்போர்" என்று அவர் கேட்க வேண்டும். இடக்கையில் பிடி இறுகியது.